யாருக்கு உல்லாசம், யாருக்கு ஊரடங்கு?

2021 ஏப்ரல், மே மாதங்களை உழைக்கும் மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். மருத்துவமனைப் படுக்கைக்கும் ஆக்சிஜன் உருளைக்கும் நாடெங்கும் மக்கள் அலைந்த காலம் அது. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில், மே 2 நள்ளிரவை ஒட்டிய மணிநேரங்களில், ஆக்சிஜன் தட்டுப்பாட்டுக்கிடையே 24 நோயாளிகள் உயிரிழந்தனர். அதற்குச் சில நாட்கள் முன்புவரை இந்தித் திரையுலக நட்சத்திரங்கள் மாலத்தீவுக் கடற்கரைகளிலிருந்து விடுமுறைப் புகைப்படங்களை வெளியிட்டுக்கொண்டிருந்தனர். ஏப்ரல் 23 அன்று பிரிட்டன் இந்தியப் பயணிகளுக்குக் கதவை அடைக்கும் முன்பாக, செல்வந்தக் குடும்பங்கள் தனி ஜெட் விமானங்களில் லண்டன் போய்ச் சேர்ந்தன.

பெருந்தொற்றுக் காலத்தில் உல்லாசத்துக்காக வெளிநாடு செல்வது சுயநலமா என்ற விவாதம் அப்போது சூடுபிடித்தது. நடிகர் நவாசுதீன் சித்திக் போன்றோர் திரையுலகுக்குள்ளிருந்தே கண்டனம் எழுப்பினர். அவரவர் பணம், அவரவர் விருப்பம் என்று மறுதரப்பு வாதிட்டது. சில வாரங்களில் விவாதம் ஓய்ந்தது. எந்த விதியும் மாறவில்லை. எந்த அரசும் பதில் சொல்லவில்லை.

இந்தக் கேள்விக்கு இடதுசாரிகளின் பதிலில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. ஆம், அது சுயநலமே. ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிடுபவர், ஆளும் வர்க்கத்துக்கு மிகவும் வசதியான இடத்தில் நின்றுவிடுகிறார். அந்தச் சுயநலத்துக்கு விமானமும் அனுமதியும் ஏற்பாடு செய்து கொடுத்தது யார்? அதன் செலவு யார் தலையில் ஏற்றப்பட்டது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை மாலத்தீவில் கிடைக்காது. பெங்களூருவின் தெற்கு எல்லையில், ஓசூர் சாலையில் உள்ள ஹெப்பகோடியில் கிடைக்கும்.

ஒரே சாலை, இரண்டு உலகங்கள்

ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஹெப்பகோடி, எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் இடையே அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் இன்ஃபோசிஸ், விப்ரோ போன்ற மென்பொருள் நிறுவனங்களின் பரந்த வளாகங்கள். மறுபக்கம் இயந்திரப் பாகங்கள், மருந்து, ஆயத்த ஆடை என்று நூற்றுக்கணக்கான ஆலைகள். ஊரின் மெட்ரோ ரயில் நிலையமே இன்று ‘பயோகான் ஹெப்பகோடி’ என்று நிறுவனத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது. ஆலைகளில் உழைப்பவர்களோ பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்தும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். வரிசை வீடுகளில், ஓர் அறையில் நான்கைந்து பேராக, பொதுக் கழிப்பறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்பவர்கள்.

2020 மார்ச்சில் தொற்று பெங்களூருக்குள் நுழைந்தது. மார்ச் 9 அன்று கர்நாடகம் அறிவித்த முதல் தொற்றாளர், அமெரிக்காவிலிருந்து திரும்பிய மென்பொருள் பொறியாளர். சில நாட்களுக்குள் மென்பொருள் நிறுவனங்கள் தம் ஊழியர்களை மடிக்கணினியோடு வீட்டுக்கு அனுப்பின. சம்பளம் தொடர்ந்தது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நான்கு மணிநேர அவகாசத்தில் நாட்டையே பூட்டினார். வீட்டிலிருந்தே லேத் இயந்திரத்தை இயக்க முடியாது. வீட்டிலிருந்தே ஏற்றுமதிச் சட்டை தைக்க முடியாது. ஓசூர் சாலையின் தொழிலாளிக்கு ஊரடங்கு என்பது வேலையின்மை, வாடகை பாக்கி, மளிகைக் கடன் என்று மாதக்கணக்கில் நீண்டது. அத்திப்பள்ளி எல்லை அடைபட்டதால், நாள்தோறும் ஓசூரிலிருந்து வந்து உழைத்தவர்களுக்கும் வேலை நின்றது.

ஊரடங்குக் காலத்துக்கு முழு ஊதியம் வழங்க வேண்டும், வாடகைக்காகத் தொழிலாளரை நெருக்கக் கூடாது என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று உத்தரவிட்டது உண்மை. முதலாளிகள் நீதிமன்றம் சென்றனர். அரசோ மே 18 முதல் அந்த உத்தரவையே விலக்கிக்கொண்டது. மாறாக, அமைப்புசார் தொழிலாளிக்கு அரசு அறிவித்த ‘நிவாரணம்’ என்ன? அவரது வருங்கால வைப்பு நிதியிலிருந்தே மூன்று மாத ஊதிய அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி!

இதன் குரூரத்தை ஹெப்பகோடி போல உணர்ந்த ஊர் வேறில்லை. 2016 பிப்ரவரியில் இதே ஒன்றிய அரசு, நிர்வாகப் பங்களிப்பான வைப்பு நிதியை 58 வயதுவரை எடுக்கக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பல்லாயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் திரண்டு பெங்களூருவை நிலைகுலையச் செய்தார்கள். காவல்துறை தடியடி நடத்தியது; ஹெப்பகோடி காவல் நிலையப் பகுதியில் வாகனங்கள் தீக்கிரையாயின. ஏப்ரல் 19 அன்றே அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது. தொழிலாளியின் சேமிப்பைப் பூட்டிவைக்க 2016-ல் முயன்ற அரசு, 2020-ல் அந்தச் சேமிப்பையே கரைத்துப் பசியாறச் சொன்னது. முதுமைக்கான பணத்தைத் தின்று தொழிலாளி பெருந்தொற்றைக் கடந்தார். அதே காலத்தில் யாருடைய விடுமுறைத் திட்டம் தள்ளிப்போனது என்று வருந்த, நாளேடுகளின் பயணப் பக்கங்களில் இடம் இருந்தது.

நான்கு நாட்களின் வரலாறு

2020 மே மாதத்தின் நான்கு நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும். சுயநலம் என்ற சொல்லின் அரசியல் பொருள் விளங்கும்.

மே 5: கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா கட்டுமான முதலாளிகளைச் சந்திக்கிறார். தொழிலாளர்கள் ஊர் திரும்பினால் கட்டுமானப் பணிகள் நின்றுவிடும் என்பது அவர்கள் கவலை. அன்றே, மறுநாள் முதல் சிறப்பு ரயில்கள் தேவையில்லை என்று தென்மேற்கு ரயில்வேக்கு மாநில அரசிடமிருந்து கடிதம் போகிறது. பெங்களூரு தெற்கு மக்களவை உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா இதைத் துணிச்சலான முடிவு என்று புகழ்கிறார்.

மே 6: ஊர் திரும்பப் பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கு ரயில் இல்லை. வேலையும் இல்லாமல், ஊருக்கும் போக முடியாமல் அவர்கள் நகரத்தில் பிடித்துவைக்கப்படுகிறார்கள்.

மே 7: வெளிநாடுகளில் இருக்கும் இந்தியர்களை அழைத்துவரும் ‘வந்தே பாரத்’ விமானங்கள் தொடங்குகின்றன. அதே நாளில், தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் பல்வேறு அமைப்புகளும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பணிந்து, ரயில்களை மீண்டும் இயக்கச் சம்மதிப்பதாகக் கர்நாடக அரசு அறிவிக்கிறது.

மே 8: மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலிருந்து நடந்தே புறப்பட்டு, அயர்ந்து தண்டவாளத்தில் உறங்கிவிட்ட 16 தொழிலாளர்கள், அவுரங்காபாத் அருகே சரக்கு ரயிலில் அடிபட்டு மாள்கிறார்கள்.

மே 11 அன்று லண்டனிலிருந்து முதல் விமானம் பெங்களூருவில் வந்திறங்கியது. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவந்தது தவறென்று எவரும் சொல்லவில்லை. வளைகுடாவில் வேலையிழந்த கட்டடத் தொழிலாளியும் கர்ப்பிணிப் பெண்களும் அவ்விமானங்களில் வந்தார்கள்; ஊர் திரும்புவது அவர்கள் உரிமை. கேள்வி வேறு. கடல் கடந்து போனவரின் ஏக்கத்தை ஒரு தேசியப் பணியாகப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, மாநில எல்லையைக் கடந்து வந்தவரின் ஏக்கம் மட்டும் ஏன் ‘தொழிலாளர் தட்டுப்பாடு’ என்ற கணக்காகத் தெரிந்தது? விமானப் பயணி நாட்டின் குடிமகன். ரயில் பயணி கட்டுமானப் பணியின் உள்ளீட்டுப் பொருள். இந்தப் பார்வைதான் மே 5-ன் கடிதத்தை எழுதியது.

ரயில் ஓடிய பின்னும் கட்டணம் யார் தருவது என்ற இழுபறி நீடித்தது. தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், பணம் இல்லை என்பதால் தொழிலாளிக்கு ஊர் திரும்பும் வாய்ப்பு மறுக்கப்படலாகாது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதன் பிறகே மாநில அரசு கட்டணத்தை ஏற்க முன்வந்தது. மே 22 அன்று அதே அரசு, ஆலைகளில் நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு அறுபது மணி நேரம்வரை வேலை வாங்க அனுமதித்து அறிவிக்கை வெளியிட்டது. வழக்கும் போராட்டமும் நெருக்கியதால் ஜூன் மாதம் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. பெருந்தொற்று ஒரு வர்க்கத்துக்கு விடுமுறையின் இழப்பு. இன்னொரு வர்க்கத்துக்கு எட்டு மணி நேர வேலைநாளின் இழப்பு.

‘அவரவர் விருப்பம்’ என்னும் வாதம்

உல்லாசப் பயணத்தின் வழக்கறிஞர்கள் முன்வைக்கும் முதல் வாதம் தனிமனித சுதந்திரம். பரிசோதனை செய்துகொண்டு, தடுப்பூசி போட்டுக்கொண்டு, சொந்தச் செலவில் போகிறவரால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கிறார்கள்.

தொற்றுநோய்க் காலத்தில் பயணம் என்பது ஒருவரின் தனிச்செயல் அல்ல. பயணியின் பெட்டியைத் தூக்குபவர், விமான நிலையக் கழிப்பறையைக் கழுவுபவர், வாடகைக் காரை ஓட்டுபவர், அடுக்ககத்தின் வாயிலில் நிற்கும் காவலாளி, மறுநாள் காலை பாத்திரம் துலக்க வரும் பெண் ஆகிய அனைவரும் அந்தப் பயணத்தில் பங்கேற்கிறார்கள். அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. அறிகுறியே இல்லாதவரும் தொற்றைப் பரப்ப முடியும் என்பதால், உடல் வெப்பத்தை அளக்கும் கருவியும் முந்தைய நாள் வாங்கிய பரிசோதனைச் சான்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

இதற்கும் பெங்களூருவே சான்று. 2021 டிசம்பர் 2 அன்று இந்தியாவின் முதல் இரண்டு ஓமைக்ரான் தொற்றுகள் இந்நகரிலிருந்து அறிவிக்கப்பட்டன. ஒருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பயணி. அறிவிப்பு வருமுன்பே அவர் துபாய்க்குப் புறப்பட்டுப் போய்விட்டார். மற்றவர் எந்த வெளிநாட்டுக்கும் செல்லாத ஒரு மருத்துவர். பயணம் செய்யாதவரும் பயணத்தின் விலையைச் செலுத்துகிறார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

தடுப்பூசி வாதமோ இன்னும் வெட்கக்கேடானது. 2021 ஏப்ரல் இறுதியில் இரண்டு தவணையும் பெற்றிருந்த இந்தியர்கள் நூற்றுக்கு இருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். நாட்டுக்கே போதாத ஒரு பாதுகாப்பு முதலில் கிடைத்தவருக்கு அது பிறர் மீதான கடமையைக் கூட்ட வேண்டும். அதைக் கடற்கரைக்கான நுழைவுச்சீட்டாகப் பயன்படுத்துவதற்குச் சுயநலம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

தேவைக்கான பயணத்தையும் இன்பத்துக்கான பயணத்தையும் இங்கே பிரித்தறிய வேண்டும். தமிழ்நாட்டின் முதல் தொற்றாளராக 2020 மார்ச் 7 அன்று அறியப்பட்டவர் ஓமனிலிருந்து திரும்பிய பொறியாளர். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர். மாணவர், நோயாளி, தாயின் இறுதிச் சடங்குக்கு வருபவர் ஆகியோரை ஒரே தட்டில் நிறுத்திக் கண்டிப்பது அநீதி. தள்ளிப்போடக் கூடிய இன்பத்தைத் தள்ளிப்போட மறுப்பதே குற்றச்சாட்டின் இலக்கு.

தொழிலாளிக்காகக் கண்ணீர் வடிக்கும் முதலாளி

இரண்டாவது வாதம் சற்றுச் சாதுரியமானது. சுற்றுலா நின்றால் விடுதி ஊழியரும் படகோட்டியும் பட்டினி கிடப்பார்கள். ஆகவே பயணிப்பவர் சுயநலவாதி அல்லர், புரவலர் என்கிறது அது. தொழிலாளர்களின் பசியைக் காட்டிப் பேசப்படுவதால் சில தோழர்களும் இதில் தடுமாறியதுண்டு.

சுற்றுலா முதலாளித்துவம் தன் தொழிலாளியை நடத்திய விதத்தைப் பார்த்தால் தடுமாற்றம் தீரும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ உல்லாசக் கப்பலில் 3,711 பேர் இருந்தனர். எழுநூறுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியது. அக்கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் பணியாளர்கள், 6 பேரே பயணிகள். பயணிகள் தத்தம் அறைகளில் தனித்திருக்க, பணியாளர்கள் அறைகளைப் பகிர்ந்து உறங்கியபடி, அறை அறையாக உணவு கொண்டுபோனார்கள். தனிமைப்படுத்தல் என்ற பாதுகாப்பே அங்கு பணியாளரின் உழைப்பால் பயணிக்கு வழங்கப்பட்ட சேவையாக மாறியது.

ஆஸ்திரியாவின் இஷ்குல் என்ற பனிச்சறுக்கு நகரத்தின் கதை இன்னொன்று. அங்கு விடுமுறை கழித்துத் திரும்பியோருக்குத் தொற்று இருப்பதாக ஐஸ்லாந்து 2020 மார்ச் தொடக்கத்திலேயே எச்சரித்தது. மார்ச் 7 அன்று மதுக்கூட ஊழியர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. இருந்தும் பருவகால வியாபாரம் மேலும் சில நாட்கள் ஓடியது. ஆயிரக்கணக்கான பயணிகள் தொற்றோடு பல நாடுகளுக்குத் திரும்பினர். அதிகாரிகள் காலத்தே செயல்படவில்லை, தவறாக மதிப்பிட்டார்கள் என்று பின்னர் விசாரணைக் குழு கண்டறிந்தது.

மாலத்தீவு 2020 ஜூலையிலேயே எல்லையைத் திறந்தது. சுற்றுலாவைத் தவிர வேறு பெரிய வருவாய் இல்லாத சிறு நாட்டின் நெருக்கடி அது. 2021 மே நடுப்பகுதியில் மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மிக அதிகத் தொற்று பதிவான நாடுகளில் ஒன்றாக அது மாறியது. உள்ளூர்க் கூட்டங்கள், தேர்தல் எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆனால் தனித் தீவுகளின் விடுதிகளில் விருந்தினர் வெயில் காய்ந்தபோது, நெரிசல் மிகுந்த மாலே நகரின் அறைகளில் அடைந்து கிடந்தவர்களில் வங்கதேச, இந்திய, இலங்கைத் தொழிலாளர்கள் ஏராளம். சுற்றுலாத் தொழிலாளியின் பசிக்கு மருந்து, பெருந்தொற்றுக் கால ஊதியத்தை அரசும் முதலாளியும் உறுதிப்படுத்துவதே. நோயைச் சுமந்து வரும் விருந்தாளியின் சில்லறையை நம்பி வாழச் சொல்வது, பசிக்கும் நோய்க்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தொழிலாளியை நிர்ப்பந்திப்பதாகும்.

ஏச்சின் அரசியல்

இனி மறுமுனைத் தவற்றையும் சொல்ல வேண்டும். வெளிநாடு போய் வந்தவரைத் திட்டித் தீர்ப்பது முற்போக்கு அரசியல் ஆகிவிடாது. அரசு தன் கடமையிலிருந்து நழுவும்போது தனிநபரைக் காட்டிக் கொடுப்பது அதற்கு மிக மலிவான வழி.

கர்நாடக அரசு 2020 மார்ச்சில் தனிமைப்படுத்தப்பட்டோரின் முகவரிகளை வெளியிட்டது. மணிக்கொரு முறை தற்படம் எடுத்து அனுப்பக் கட்டளையிட்டது. விளைவாக அண்டை வீட்டாரே காவலர்களானார்கள். பயத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது அது எளியவரின் முகமாகவே அமைந்தது. மைசூருவில் நாகாலாந்து மாணவர்கள் ஒரு கடைக்குள் அனுமதிக்கப்படவில்லை. தில்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் கூட்டத்துக்கு வந்தவர்கள் ‘கொரோனா ஜிகாதிகள்’ என்று மதவெறியர்களாலும் அவர்களுக்கு ஒத்தூதிய ஊடகங்களாலும் தூற்றப்பட்டார்கள். 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அந்த வெளிநாட்டவர் பலியாடுகளாக்கப்பட்டதாகக் கூறி வழக்குகளை ரத்து செய்தது. தொழுகைக்காக வந்தவரின் பயணம் சதி என்றும், சறுக்கு விளையாட்டுக்காகப் போனவரின் பயணம் துரதிருஷ்டம் என்றும் பெயரிட்டவர்கள் யார் என்பதை மறக்க வேண்டாம்.

அதிகாரத்தில் இருந்தவர்களோ தாமே போட்ட விதியைத் தாமே மீறினார்கள். பெரும் திருமணங்களுக்குத் தடை என்று 2020 மார்ச் 13 அன்று அறிவித்த எடியூரப்பா, இரண்டே நாளில் தம் கட்சி மேலவை உறுப்பினர் வீட்டு ஆடம்பரத் திருமணத்தில் பெலகாவியில் கலந்துகொண்டார். ஊரடங்கின் நடுவே ஏப்ரல் 17 அன்று முன்னாள் முதலமைச்சர் குமாரசாமியின் மகன் திருமணம் ராமநகரப் பண்ணை வீட்டில் நடந்தேறியது. சாலையில் பால் வாங்கப் போனவர் மீது லத்தி பாய்ந்த நாட்கள் அவை. வைரஸுக்கு முன் அனைவரும் சமம் என்ற பேச்சு அந்நாட்களில் ஓயாமல் ஒலித்தது. வைரஸுக்கு முன் சமமாக இருந்திருக்கலாம். காவலரின் தடிக்கு முன் ஒருபோதும் சமமாக இருந்ததில்லை.

எங்கெல்ஸ் 1872-ல் குடியிருப்புப் பிரச்சினை குறித்து எழுதிய கட்டுரைகளில் இதைத் தெளிவுபடுத்தினார். தொழிலாளர் குடியிருப்புகளில் வளரும் கொள்ளைநோய் முதலாளிகளின் வீதிகளையும் எட்டும்போதுதான் அவர்களுக்குச் சுகாதார அக்கறை பிறக்கிறது என்பது அவர் கணிப்பு. இம்முறை திசை தலைகீழாக அமைந்தது. நோய் விமானத்தில் வந்து மேல்தட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்கியது. ஆனால் இறங்கிய பின் அது தங்கிய இடம் மாறவில்லை. ஹெப்பகோடியின் வரிசை வீடுகளில், ஒரே குழாயடியில் ‘சமூக இடைவெளி’ காணச் சொல்லப்பட்டவர்களிடமே அது தங்கியது.

மாலத்தீவு விமானமும் பத்து ரூபாய்ச் சீட்டும்

தனிநபர் சுயநலத்துக்குப் பின்னால் அரசின் கொள்கை நிற்கிறது என்பதற்கு அசைக்க முடியாத ஓர் ஒப்பீடு உண்டு. 2020 ஆகஸ்டுக்குள்ளேயே ‘ஏர் பபிள்’ என்ற இருதரப்பு ஏற்பாட்டின்கீழ் அமெரிக்கா, பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம், மாலத்தீவு ஆகிய நாடுகளுக்கு விமானங்கள் பறக்க ஒன்றிய அரசு வழிசெய்தது. கடற்கரை விடுமுறைக்கான பாதை ஊரடங்கு தொடங்கிய ஐந்து மாதத்துக்குள் திறந்துவிட்டது.

தொழிலாளர்கள் பயணிக்கும் சாதாரணப் பயணிகள் ரயில் எப்போது திரும்பியது? நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு ‘சிறப்பு’, ‘விரைவு’ என்ற பெயர்களைச் சூடிக்கொண்டு வந்தது. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆனது. மக்களவைத் தேர்தல் நெருங்கிய 2024 பிப்ரவரியில்தான் அது பழைய நிலைக்கு இறங்கியது. 2020 மார்ச்சில் பறிக்கப்பட்ட மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையோ திரும்பவே இல்லை. மாலத்தீவுக்குச் செல்லும் உரிமை மீள ஐந்து மாதம். பத்து ரூபாயில் ரயில் ஏறும் உரிமை மீள ஏறத்தாழ நான்கு ஆண்டு! ஒருவர் பயணத்தை உரிமையாகவும் மற்றவர் பயணத்தைச் சலுகையாகவும் எண்ணும் அரசைக் கேள்வி கேட்காமல், நடிகையின் கடற்கரைப் படத்துக்குக் கீழே வசைபாடுவதால் உழைக்கும் மக்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

2020-ன் ஊரடங்கில் ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் ஒரு கோடிக்கும் அதிகம் என்று அரசே நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. வழியில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது மட்டும் தகவல் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் கைவிரித்தது. வெளிநாட்டு விமானப் பயணி ஒவ்வொருவரின் இருக்கை எண்ணையும் அறிந்திருந்த அரசு அது.

மாற்று இருந்தது

வேறு வழியே இருக்கவில்லை என்பது பொய். நாட்டின் முதல் தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில்தான் கண்டறியப்பட்டது. வெளிநாட்டு வருகை மிகுந்த மாநிலம் அது. தகவல் தராமல் வந்த பயணிகளை இடது ஜனநாயக முன்னணி அரசு கண்டிக்கத் தவறவில்லை. ஆனால் கண்டனத்தோடு நிற்கவில்லை. தொடர்பில் வந்தவர்களைத் தேடிப் பிடித்தது, பொது மருத்துவமனைகளில் சிகிச்சை அளித்தது. தேசிய ஊரடங்குக்கு முன்பே, மார்ச் 19 அன்று, 20,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. வெளிமாநிலத் தொழிலாளரை விருந்தினத் தொழிலாளர் என்று அழைத்து, உணவும் தங்குமிடமும் தந்தது. அந்த ஏப்ரலில் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் அளித்த விவரத்தின்படி, மாநில அரசுகள் நடத்திய நிவாரண முகாம்களில் பாதிக்கும் மேற்பட்டவை கேரளம் என்ற அந்த ஒரு சிறிய மாநிலத்தில் இருந்தன.

இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறதா? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1979-ன் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் அதில் கரைக்கப்பட்டது. ஐந்து பேரை வேலைக்கு வைத்தாலே பொருந்திய பாதுகாப்பு இனிப் பத்துப் பேர் இருந்தால்தான். பழைய சட்டம் தந்த இடப்பெயர்வுப் படி புதிய தொகுப்பில் இல்லை. 2020-ன் நெடுஞ்சாலைகளில் ரத்தம் சிந்தக் கற்ற பாடத்துக்கு ஆளும் வர்க்கம் எழுதிய விடை இதுதான்.

அடுத்த பெருந்தொற்று வரும். எப்போது என்பது மட்டுமே கேள்வி. அதற்கு முன்பே சில கோரிக்கைகள் மக்கள் கோரிக்கைகளாக வேரூன்ற வேண்டும். பயணிகள் விமானம் ஒன்று பறக்க அனுமதிக்கப்படும் நாளில், ஊர் திரும்ப விரும்பும் தொழிலாளிக்குக் கட்டணமில்லா ரயில் இயங்க வேண்டும். உல்லாசப் பயணம் போய் வருபவரின் தனிமைப்படுத்தல் செலவு அவருடையதாக இருக்க வேண்டும். அக்காலத்தில் அவர் வீட்டு வேலையாள், ஓட்டுநர், காவலாளி ஆகியோருக்கு முழு ஊதிய விடுப்பு சட்டப்படி உறுதியாக வேண்டும். ஊரடங்கு கால ஊதியம் உத்தரவாக வந்து உத்தரவாகப் போகாமல் சட்ட உரிமையாக வேண்டும். பொம்மசந்திரா போன்ற தொழிற்பேட்டைகளில் இஎஸ்ஐ, அரசு மருத்துவமனைகள் தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப விரிவாக்கப்பட வேண்டும். 1979 சட்டத்தின் உரிமைகள் மீட்கப்பட வேண்டும்.

இவை எவரும் தானமாகத் தரப்போவதில்லை. 2016-ல் வைப்பு நிதி அறிவிக்கையை இரண்டே நாளில் திரும்பப் பெறவைத்தது ஹெப்பகோடி, பொம்மனஹள்ளிப் பெண் தொழிலாளர்களின் ஒற்றுமை. 2020 மே 7-ல் ரயிலை மீட்டது எதிர்ப்பின் வலிமை. அன்று வீதிக்கு வந்தவர்கள் அமைப்பாகத் திரளாததால், வெற்றி பெற்ற இடங்களில் சங்கம் வலுப்பெறவில்லை. ஓசூர் சாலை நெடுகிலும் தமிழ், கன்னடம், இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்களை ஒரே சங்கக் கொடியின் கீழ்த் திரட்டுவது, வரிசை வீடுகள்தோறும் புலம்பெயர்ந்தோரைப் பதிவு செய்து உறவு பேணுவது, தீர்மானத்தில் எழுதி வைக்கும் பணி அல்ல; கிளைகள் இன்றே தொடங்க வேண்டிய பணி. செல்வந்தரின் சுயநலத்தை வெட்கப்படவைத்து எவரும் ஒழித்ததில்லை. அதற்கு அரசு தரும் விமானத்தையும் விதிவிலக்கையும் தடுத்து நிறுத்தும் வலிமை, திரண்ட தொழிலாளி வர்க்கத்திடம் மட்டுமே இருக்கிறது.